தோட்டத்து ஊரில் முதல் தொலைநோக்கி: எந்த வகை, என்ன விலை, என்னென்ன தாள்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இருந்துகொண்டு தொலைநோக்கி வாங்க நினைப்பவருக்கு முதல் சிக்கல், தொட்டுப் பார்க்கக் கடை இல்லாதது. இரண்டாவது, எந்த வகை எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் சொல்ல ஆள் கிடைக்காதது. படத்தைப் பார்த்து, விலையைப் பார்த்து, காசு கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். நான் விசாரித்து, வாங்கி, பழகித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். பிள்ளைக்கு வாங்கினாலும் சரி, தமிழ்ப்பள்ளி அறிவியல் கழகத்துக்கு வாங்கினாலும் சரி, இந்த வரிசையிலேயே போங்கள்.

1. முதலில் பைனாகுலர்

உடனே தொலைநோக்கிக்குப் பணம் கட்டாதீர்கள். 10x50 என்று எழுதிய பைனாகுலர் 150 முதல் 300 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. 50 என்பது முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். காரின் கூரையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். அதன் நான்கு பெரிய நிலாக்கள் சிறு புள்ளிகளாக ஒரே கோட்டில் நிற்கும். பத்து நாள் வெளியே போய்ப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அடுத்த படிக்கு வாருங்கள். பைனாகுலர் வீணாகாது. தொலைநோக்கி வந்த பிறகும் அதுதான் முதலில் கைக்கு வரும்.

முடிந்தால் ஒரு தடவை வேறொருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பாருங்கள். நமக்குப் பக்கத்தில் பினாங்கு பாலிக் புலாவில் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. தெற்கே போகிறவர்களுக்குப் போர்ட்டிக்சனில் தெலுக் கெமாங் வான்காணகம், மலாக்கா தஞ்சோங் பிடாராவில் அல்-குவாரிஸ்மி வளாகம். பொதுமக்களுக்கு எந்த நாளில் திறக்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

2. வகைகளைப் புரிந்துகொள்ளுங்கள்

எல்லாத் தொலைநோக்கிக்கும் வேலை இரண்டு. பெரிய வில்லையோ கண்ணாடியோ ஒளியைத் திரட்டி ஒரு சிறிய பிம்பத்தை உண்டாக்குகிறது. கண் வைக்கும் இடத்தில் உள்ள சிறு வில்லை (கடையில் ஐபீஸ் என்பார்கள்) அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அது திரட்டாத ஒளியை எந்த ஐபீசாலும் கொண்டுவர முடியாது. அதனால் விட்டம்தான் முதல் கணக்கு. இருட்டில் நம் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. விரியும். 70 மி.மீ. வில்லை அதைப்போல 100 மடங்கு ஒளி திரட்டும், 130 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 345 மடங்கு. விட்டம் இரட்டிப்பானால் ஒளி நான்கு மடங்கு.

வில்லைத் தொலைநோக்கி. நீண்ட குழாய், முன்னால் வில்லை, பின்னால் ஐபீஸ். கண்ணாடி வழியே போகும்போது நீல ஒளி சிவப்பு ஒளியைவிட அதிகமாக வளைகிறது, அதனால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இரண்டு வகைக் கண்ணாடியை ஒட்டிச் சேர்த்த வில்லை இதைப் பெருமளவு சரிசெய்யும், முழுதாக அல்ல. நிலாவின் ஓரத்திலும் வியாழனைச் சுற்றியும் ஊதா நிறம் மெல்லப் படர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது பழுதில்லை, இந்த வகையின் இயல்பு. நிறம் பிரியாத உயர்ரக வில்லை வேண்டுமென்றால் விலை பல மடங்கு ஏறும். இதன் நல்ல குணம், எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியதில்லை. எடுத்து வைத்தால் பார்க்கலாம். பகலில் மலையையும் பறவையையும்கூடப் பார்க்கலாம். ஐபீசுக்கு முன் வைக்கும் சாய்வுக் கண்ணாடியால் இடம் வலம் மட்டும் மாறித் தெரியும்.

கண்ணாடித் தொலைநோக்கி. குழாயின் அடியில், முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் குழிந்த கண்ணாடி. ஒளி உள்ளே இறங்கி, அதில் பட்டுத் திரும்பி மேலே வரும்போது, வாய்க்கு அருகில் 45 பாகையில் சாய்த்து வைத்த சிறிய தட்டைக் கண்ணாடி அதைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். அதனால் ஐபீஸ் குழாயின் பக்கத்தில், மேல்முனையில் இருக்கும். ஒளி கண்ணாடிக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே திரும்புவதால் நிறப் பிரிவு இல்லை. ஒரே ஒரு பக்கத்தை மட்டும் பாலிஷ் செய்தால் போதும் என்பதால் பெரிய விட்டம் மலிவாகக் கிடைக்கிறது. கொடுக்கும் காசுக்கு அதிக வானம் காட்டுவது இந்த வகைதான், என் சிபாரிசும் இதுதான். பிம்பம் தலைகீழாகத் தெரியும். வானத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. பகலில் ஊரைப் பார்க்க இது உதவாது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கண்ணாடி பரவளைய வடிவமா என்று விற்பவரைக் கேளுங்கள். குட்டையான குழாயில் வெறும் கோள வடிவக் கண்ணாடி இருந்தால் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் வேறு வேறு இடத்தில் குவியும், எவ்வளவு திருகினாலும் படம் தெளியாது. அடுத்து, குழாய் அரை மீட்டர் நீளம்தான், ஆனால் குவியத் தூரம் (வில்லையோ கண்ணாடியோ ஒளியைக் குவிக்கும் தூரம்) 1000 மி.மீ. என்று எழுதியிருந்தால் விலகிப் போங்கள். ஐபீஸ் மாட்டும் குழாய்க்குள் ஒரு கூடுதல் வில்லையை ஒளித்து வைத்துத்தான் அந்த எண்ணைக் காட்டுகிறார்கள். அதை நேர்ப்படுத்துவது, அதாவது கண்ணாடிகளைத் திருகி ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவது, பெரும் பாடு, புதியவரால் முடியாது. 127 மி.மீ., 1000 மி.மீ. என்று இணையக் கடைகளில் மலிவாக வரும் பல தொலைநோக்கிகள் இந்த ரகம்.

கலப்பு வகை. முன்னால் ஒளி ஊடுருவும் ஒரு வளைந்த கண்ணாடித் தகடு, அடியில் நடுவே துளையிட்ட கண்ணாடி, முன்பக்கத்தில் இன்னொரு சிறு கண்ணாடி. ஒளி குழாய்க்குள் மடங்கி மடங்கிப் போய்ப் பின்பக்கத் துளை வழியே வெளியே வரும். அதனால் 1500 மி.மீ. குவியத் தூரத்தை முழங்கை நீளக் குழாயில் அடைத்துவிடுகிறார்கள். மக்சுதோவ் என்ற ரகத்தில் முன்தகடு தடிமனாக இருக்கும். நிலாவுக்கும் கோள்களுக்கும் அருமை. ஆனால் பார்வைப் பரப்பு குறுகலானது, அதே காசுக்கு விட்டமும் குறைவு. முன்தகட்டில் பனி படியும். நம் ஊரில் இது சின்னப் பிரச்சினை இல்லை: ஈரம் மிகுந்த இரவில் ஒரு மணி நேரத்தில் தகடு மங்கிவிடும். முன்னால் ஒரு பனிக்காப்புக் குழாய் மாட்டியே ஆகவேண்டும்.

கைபேசியில் படம் காட்டும் ஸ்மார்ட் தொலைநோக்கிகளும் இப்போது வருகின்றன. தானே தேடி, தானே படம் எடுத்து அடுக்கித் தரும். விண்முகில்களுக்கு (விண்வெளியில் உள்ள வாயு, தூசுத் திரள்கள்) நன்று, கோள்கள் சிறிதாகவே தெரியும். கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. பிள்ளைகள் வரிசையில் நின்று தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் இது வேண்டாம்.

3. பெட்டி மேல் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள்

70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத் தூரம் உள்ள மலிவு வில்லைத் தொலைநோக்கியின் பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கணக்கைப் பாருங்கள். குவியத் தூரத்தை ஐபீஸ் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது வரும். 700-ஐ 4 மி.மீ. ஐபீசால் வகுத்தால் 175. அதோடு மும்மடங்கு பெருக்கி வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள்: 175 பெருக்கல் 3, 525. கணக்கு சரிதான். ஆனால் ஒரு தொலைநோக்கி தாங்கும் எல்லை, அதன் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு. 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேல் போனால் பிம்பம் பெரிதாகும், கலங்கும், இருளும். புதிதாக ஒன்றும் தெரியாது. பூமி சுழல்வதால் 525 மடங்கில் வியாழன் அரை நிமிடத்துக்குள் பார்வையை விட்டே ஓடிவிடும்.

130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத் தூரம் உள்ள கண்ணாடித் தொலைநோக்கியோடு பெரும்பாலும் 25, 10 என இரண்டு ஐபீஸ் வரும். முதலாவது 26 மடங்கு, அடுத்தது 65. அந்த 65 மடங்கிலேயே சனியின் வளையம் கோளை விட்டுப் பிரிந்து நிற்பது தெரியும். 2025 மார்ச்சில் வளையத்தின் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பி மெல்லிய கோடாகிப் போனது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டு வருகிறது, அதனால் இப்போது வாங்குகிறவருக்கு நல்ல காலம்.

4. தாங்கியில் ஏமாறாதீர்கள்

நல்ல குழாயை ஆடும் முக்காலியில் வைத்தால் காசு போச்சு. மெல்லிய அலுமினிய முக்காலியில் விரல் பட்டால் போதும், வியாழன் நான்கைந்து விநாடி துள்ளிக்கொண்டிருக்கும். அது நிற்பதற்குள் அடுத்த பிள்ளை வந்து முக்காலியை இடிக்கும்.

தாங்கியில் இரண்டு வகை. ஒன்று மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புவது. மற்றொன்று ஈக்குவட்டோரியல்: அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால் ஒரே குமிழைத் திருகி வான ஓட்டத்தைப் பின்தொடரலாம். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகள் இதைத்தான் புகழும். நமக்கு இது ஒத்துவராது. சுங்கை சிப்புட் வட அட்சரேகை 5 பாகைக்குச் சற்றுக் குறைவு. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும், செம்பனை மட்டைக்கும் மலைக்கும் பின்னால் மறைந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அச்சை 5 பாகைக்குத் தாழ்த்தினால் பல மலிவுத் தாங்கிகளில் எடைக்குண்டு முக்காலியின் காலில் மோதும். சிலவற்றில் அவ்வளவு தாழ்த்தவே முடியாது. படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவர் இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

நம் ஊருக்கு ஏற்றது டாப்சோனியன்: பலகைப் பெட்டிபோல் தரையில் உட்கார்ந்திருக்கும் தாங்கி. சீனர் உணவுக்கடை மேசை நடுவில் சுழலும் தட்டைப்போல் அடிப்பலகை சுழலும், குழாய் மேலும் கீழும் சாயும். கையால் தள்ளினாலே நகரும், ஆடாது. சிறியது மேசை மேல் வைக்கும் அளவில் வருகிறது. ஒரு குறை உண்டு. நேர் உச்சியில் இருப்பதை இதில் பிடிப்பது கடினம், நம் ஊரில் கோள்கள் உச்சிக்கு அருகிலேயே போகும். ஒன்றிரண்டு மணி நேரம் முன்போ பின்போ பார்த்தால் சரியாகிவிடும்.

5. எவ்வளவு ஒதுக்குவது

விலை கடைக்குக் கடை மாறும், ஏறக்குறைய சொல்கிறேன். 70 மி.மீ. வில்லை, முக்காலியோடு 300 முதல் 600 வெள்ளி. 130 மி.மீ. மேசை டாப்சோனியன் 900 முதல் 1500. தரையில் நிற்கும் 150 மி.மீ. டாப்சோனியன் 1500 முதல் 2200. 127 மி.மீ. மக்சுதோவ், தாங்கியோடு 2000-க்கு மேல். 

இதற்கு மேல் 200 வெள்ளியாவது தனியே வையுங்கள்: நேர்ப்படுத்தும் மூடி, சிவப்பு விளக்கு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், கொசு மருந்து. கூடுதல் ஐபீஸ் பெட்டியை முதல் ஆறு மாதம் வாங்காதீர்கள். 600 வெள்ளிதான் கையில் இருக்கிறது என்றால், ஆடும் முக்காலியோடு வரும் தொலைநோக்கியைவிட நல்ல பைனாகுலரும் மீதிப் பணமும் மேல். சேர்த்துவைத்து 130 மி.மீ. வாங்கலாம்.

6. பணம் கட்டும் முன் தாள்கள்

உள்நாட்டுக் கடையா, வெளிநாட்டுக் கடையா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். இணையத்தில் பக்கம் நம் நாட்டுப் பக்கமாக இருக்கும், பொருள் வெளிநாட்டிலிருந்து கிளம்பும். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 500-க்கு மேல் போனால் சுங்கத்துறைக் கணக்கு வரும், கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். திரையில் தெரிந்த விலையைவிட வாசலில் கட்டும் விலை அதிகமாகிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

உள்நாட்டுக் கடையில் வாங்கினால் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: கடையின் பதிவு எண்ணும் முகவரியும் உள்ள ரசீது, உத்தரவாத அட்டை, பொருளின் முழுப் பெயரும் விட்டமும் குவியத் தூரமும், உடைந்து வந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது. வாட்சாப்பில் பேசினாலும் பரவாயில்லை, அந்த உரையாடலை அழிக்காதீர்கள். பள்ளிக்கு வாங்குகிறவர்கள் ரசீது பள்ளியின் பெயரிலா, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரிலா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றித்தரச் சொன்னால் இழுத்தடிப்பார்கள்.

7. பெட்டி வந்த அன்று

டேப்பை வெட்டுவதற்கு முன்பே கைபேசியில் காணொளி எடுக்கத் தொடங்குங்கள். அனுப்புநர் ஒட்டிய தாள், பெட்டியின் ஆறு பக்கம், உள்ளே ஒவ்வொரு பொருளும் வெளியே வருவது எல்லாம் ஒரே தொடர்ச்சியாக இருக்கட்டும். எனக்கு வந்த பெட்டியில் தாங்கியின் ஒரு பலகை விரிசல் விட்டிருந்தது. விற்றவர் முதலில் கேட்டதே காணொளியைத்தான். அது இருந்ததால்தான் மாற்றுப் பலகை வந்தது, அதுவும் ஐந்து வாரம் கழித்து. பெட்டியையும் உள்ளே வைத்த நுரையையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறியாதீர்கள்.

கடைக்காரர் கைவிரித்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரையான கோரிக்கை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் உரையாடலும் காணொளியும் இருந்தால் போதும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் இது எடுபடுவது கடினம். உள்நாட்டில் வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டிக்குள் சூரியனைப் பார்க்க என்று ஐபீசில் திருகும் ஒரு சிறு கறுப்புக் கண்ணாடி இருந்தால் அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெயிலில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனுக்கு வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும், அதற்கென்றே செய்த தாளாக இருக்க வேண்டும். அது இல்லாமல் பகலில் தொலைநோக்கியைப் பிள்ளைகள் கையில் தனியே விடாதீர்கள்.

கண்ணாடித் தொலைநோக்கியை முதல் இரவுக்கு முன்பே நேர்ப்படுத்துங்கள். கூரியர் வண்டியில் குலுங்கி வந்திருக்கும். நடுவில் துளையுள்ள மூடியை ஐபீஸ் இடத்தில் வைத்துப் பாருங்கள். சிறு கண்ணாடிக்குள் பெரிய கண்ணாடி முழு வட்டமாகத் தெரிய வேண்டும், அதன் நடுவில் ஒட்டியிருக்கும் வளையக் குறி துளைக்கு நேராக நிற்க வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ள மூன்று திருகுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மெல்லத் திருகுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள், குழாயைப் படுக்க வைத்துச் செய்யுங்கள்; திருகும் கருவி கைதவறினாலும் கண்ணாடியில் விழாது. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் ஐந்து நிமிடம்.

8. இடமும் அனுமதியும்

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு வாசலில் தெருவிளக்கு கண்ணை அடிக்கும். நிலாவுக்கும் கோள்களுக்கும் அது போதும். மற்றவற்றுக்கு இருட்டு வேண்டும், இருட்டு இருப்பது தோட்டத்தில். ஆனால் தோட்டம் தனியார் நிலம். செம்பனைக் குலை திருட்டு இருப்பதால் இரவில் தெரியாத வண்டியைக் கண்டால் ஜாகா (காவலாளி) நிறுத்துவார், நியாயம்தான். ஆபீசில் போய் நிர்வாகியிடம் கடிதம் கொடுங்கள்: எத்தனை பேர், பெயர், அடையாளக் கார்டு எண், வண்டி எண், எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, தோட்டத்தின் எந்த டிவிஷன் (பிரிவு). இரண்டு வாரம் முன்னதாகக் கொடுப்பது நல்லது. ஒப்பமிட்ட நகலை வண்டியில் வையுங்கள், ஜாகாவிடமும் ஒரு நகல் கொடுங்கள்.

வளர்ந்த செம்பனைக்கு நடுவே நின்றால் தலைக்கு மேல் ஒரு கிணறளவு வானம்தான். மறுநடவு செய்த பகுதியோ பழைய தோட்டத்துத் திடலோ பாருங்கள். சுங்கை சிப்புட்டுக்குத் தெற்கே ஈப்போ. அந்தப் பக்கம் வானம் வெளுத்திருக்கும். தென்வானம்தான் நம் சொத்து என்பதால், தெற்கில் ஊர் வெளிச்சத்தை மறைக்கும் மேடு இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். மேடு மிக உயரமாக வேண்டாம். தெற்குச் சிலுவை ஏறக்குறைய 25 பாகை உயரம்தான் ஏறும். பூட்ஸ் போடுங்கள், பாம்பும் காட்டுப்பன்றியும் இருக்கும் இடம். தனியாகப் போகாதீர்கள்.

9. மாதமும் மணியும்

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பேராக்கில் மாலை இடிமழை அதிகம். ஜனவரி, பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் பரவாயில்லை. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சில ஆண்டுகளில் புகைமூட்டம். மாலையில் மழை பெய்து நள்ளிரவுக்குப் பின் வானம் கழுவிவிட்டதுபோல் தெளியும் இரவுகளும் உண்டு. விடுமுறை நாளில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பார்ப்பது மோசமில்லை.

நம் ஊரில் எட்டு, எட்டரை மணிக்கு மேல்தான் முழு இருட்டு. ஜனவரி முதல் மார்ச் வரை ஓரியன் விண்முகில் உயரத்தில் நிற்கும். மே, ஜூனில் இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே தெற்குச் சிலுவை; அதற்குச் சற்றுக் கிழக்கே ஒமேகா செந்தாரி என்ற நட்சத்திரக் கொத்து, 130 மி.மீ.யில் பொடிப்பொடியாய் நிறைந்து தெரியும். ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இதைப் பார்க்கவே முடியாது. நிலாவைப் பார்க்க முழுநிலா நாள் வேண்டாம். வெளிச்சம் நேராக விழுந்து பள்ளமேடு தெரியாது. அரைநிலாவுக்கு முன்பின் நாட்களில், இருளும் ஒளியும் சேரும் கோட்டைப் பாருங்கள். 

10. பூஞ்சணம்

நம் ஊர் ஈரத்தில் வில்லையைத் தின்பது பூஞ்சணம்தான். பார்த்து முடித்ததும் பனி படிந்த குழாயை மூடியோடு பெட்டியில் வைக்காதீர்கள். வீட்டுக்குள் திறந்தபடி, வாய் சற்றுக் கீழ்நோக்கியிருக்க வைத்து, உலர்ந்த பிறகு மூடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுபோனால் வில்லை உடனே வேர்த்துவிடும், அதனால் அந்த அறையில் வைக்க வேண்டாம். ஐபீஸ்களை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறியதும் அடுப்பில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

கண்ணாடியில் தூசு தெரிந்தால் துணியால் துடைக்காதீர்கள். மேலே உள்ள அலுமினியப் பூச்சு சுரண்டிக்கொண்டு வந்துவிடும். கொஞ்சம் தூசு பார்வையைக் கெடுக்காது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றி அலசி, சாய்த்து வைத்துக் காயவிடுங்கள், அப்புறம் மாட்டி மறுபடி நேர்ப்படுத்துங்கள்.